புகையாத நெருப்பு நல்ல நெருப்பா?

டெல்லிக் குளிருக்குப் புதுவரவு ‘ஸ்மோக்லெஸ் ஃபயர் பிட்’. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? வாங்கினாலும் எந்த இரவில் பற்றவைப்பது?

ஜனவரி முதல் வாரம், இரவு பத்து மணிக்கு டெல்லியின் சத்தர்பூர் பக்கம் போனால், ஒரே தெருவில் இரண்டு நெருப்பைப் பார்க்கலாம். பண்ணை வீட்டு மதிலுக்கு உள்ளே, புல்தரையின் நடுவில் பளபளக்கும் எஃகுத் தொட்டி. அதன் மேல்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் துளைகள். அந்தத் துளைகளிலிருந்து தீ நாக்குகள் உள்பக்கமாக வளைந்து எரிகின்றன. சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் யாரும் கண்ணைக் கசக்கவில்லை. சால்வையில் புகை வாடை ஏறவில்லை.

மதிலுக்கு வெளியே, கேட் ஓரத்தில், கொத்தனார் கலவை அள்ளும் இரும்புச் சட்டி. அதில் உடைந்த பேக்கிங் பெட்டிப் பலகை, ஈரச் சருகு, அட்டைத் துண்டு. இரவுக் காவலுக்கு நிற்கும் இரண்டு பேர் அதன்மேல் கையை நீட்டி, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். புகை மேலே போக மறுத்துச் சாலையிலேயே படுத்துக் கிடக்கிறது.

உள்ளே எரிவது ‘புகையில்லாதது’, வெளியே எரிவது ‘மாசு’ என்றுதான் சட்டென்று தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏறியதும் முதலில் ஈரம் ஆவியாகிறது. பிறகு மரம் சிதைந்து வாயுக்களும் தார்த் துளிகளும் வெளியேறுகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு இப்படி வாயுவாகப் போவதுதான். அது முழுதாக எரிந்தால் தீ. எரியாமல் தப்பினால் புகை.

புகையில்லாத் தொட்டி, தப்பிப்போகும் அந்தப் பங்கை மடக்கிப் பிடிக்கிறது. இரட்டைச் சுவர் கொண்ட எஃகு உருளை. அடிப்பக்கத் துளைகள் வழியே நுழையும் காற்றில் ஒரு பகுதி நேராக விறகுக்குப் போகிறது. மறுபகுதி இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறி, நன்றாகச் சூடாகி, மேல்விளிம்புத் துளைகளில் வெளிவருகிறது. அங்கே மேலெழும் புகையோடு கலந்து அதை இன்னொரு முறை எரிக்கிறது. மின்விசிறியோ பேட்டரியோ தேவையில்லை.

அமெரிக்காவில் சோலோ ஸ்டவ், பிரியோ போன்ற நிறுவனங்கள் இதைக் கொல்லைப்புற ஃபேஷனாக்கின. 2023 நவம்பரில் ராப் பாடகர் ஸ்னூப் டாக், தான் புகையை விட்டுவிடப்போவதாக அறிவித்து உலகத்தைத் திகைக்கவைத்தாரே, அது சோலோ ஸ்டவ் விளம்பரம்தான்.

ஆனால், புகையை அடக்கும் முயற்சி நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா வார்தாவின் மகன்வாடியில் கிராமத் தொழில்களை வளர்த்த காலத்தில், அங்கே உருவானது ‘மகன் சூலா’ என்ற மேம்பட்ட அடுப்பு. 1950-களில் ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பைப் பரப்பினார். 1980-களில் மத்திய அரசுத் திட்டமாகவே ‘புகையில்லா அடுப்பு’ நம் ஊர்ச் சமையலறைகளுக்கும் வந்துசேர்ந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு பி.பி. எண்ணெய் நிறுவனம் கொண்டுவந்த ‘ஊர்ஜா’ அடுப்பு, புகையை எரித்தே தீர்க்கும் இதே தத்துவத்தில் இயங்கியது. அது தமிழ்நாட்டிலும் விற்றது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பொருளாதார அறிஞர்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் கண்டது இது: புது அடுப்பு வந்த முதல் வருடம் வீட்டில் சுவாசிக்கும் புகை குறைந்தது, பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை. சோதனைக்கூடத்தில் புகையாத அடுப்பு, வீட்டில் புகைந்தது. எஃகுத் தொட்டிக்கும் இதே விதிதான். ஈர விறகைப் போட்டாலோ, மேல்துளைகளை மறைக்கும் அளவுக்கு அடுக்கினாலோ, அது வெறும் விலை உயர்ந்த இரும்புச் சட்டி.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

‘புகையில்லை’ என்றால் ‘கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு’ என்றுதான் பொருள். பி.எம்.2.5 எனப்படும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அது கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குப் படாது, நுரையீரலுக்குப் படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்தவெளியில் ஒரு கிலோ விறகு எரிந்து 5 கிராம் நுண்துகள் வருவதாக வைத்துக்கொள்வோம். விறகு நெருப்புக்கு இது அதிகப்படியான மதிப்பல்ல. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். அப்படியானால், அந்த 5 கிராம் மட்டுமே சுமார் 83,000 கன மீட்டர் சுத்தமான காற்றை வரம்பின் விளிம்புக்குத் தள்ளிவிடும். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டில் இருக்கும் காற்று ஏறத்தாழ 280 கன மீட்டர். ஆக, ஏறக்குறைய முந்நூறு ஃபிளாட்டுகளின் காற்று. நல்ல தொட்டி அதில் ஐந்தில் நான்கு பங்கைக் குறைத்துவிட்டது என்றே வைத்தாலும், மிச்சம் அறுபது ஃபிளாட்டுகளின் காற்று. அதுவும் ஒரே ஒரு கிலோ விறகுக்கு. மாலைக் கூட்டம் ஒன்றுக்கு எத்தனை கிலோ போகும் என்பது பற்றவைத்தவர்களுக்குத் தெரியும்.

டெல்லியில் இதைக் கூடுதல் சிக்கலாக்குவது குளிர்கால வானம். சூரியன் மறைந்ததும் தரை வேகமாகக் குளிர்கிறது. மேலே உள்ள காற்று தரையை ஒட்டிய காற்றைவிடச் சூடாக இருப்பதால், கீழ்க்காற்று மேலெழ முடியாமல் மூடி போட்டாற்போல் அடைபட்டுக் கிடக்கிறது. கடற்காற்று வந்து துடைத்துவிடும் சென்னை அல்ல இது. நெருப்பு மூட்டத் தோன்றும் காற்றில்லாத, உறைய வைக்கும் இரவுதான் புகை கலையவே கலையாத இரவும்.

ஐ.ஐ.டி. கான்பூர் டெல்லி அரசுக்கு 2016-ல் கொடுத்த ஆய்வறிக்கை, குளிர்கால பி.எம்.2.5-ல் 26 சதவிகிதம் விறகு, சருகு, பயிர்க்கழிவு போன்றவற்றை எரிப்பதால் வருவதாகக் கணக்கிட்டது. 2023-ல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் சச்சிதா திரிபாதி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. டெல்லியில் இரவு நேரத்தில் மிக நுண்ணிய துகள்கள் திடீரென்று பெருத்து வளர்கின்றன. விறகு, சாணம், கழிவு எரிப்பிலிருந்து வரும் ஆவிகள் குளிர்ந்த காற்றில் துகள்களின் மேல் படிவதே காரணம் என்று அது காட்டியது. நெருப்பிலிருந்து வாயுவாகக் கிளம்புவதும், கொஞ்ச நேரத்தில் துகளாகி நம் மூக்குக்கே திரும்புகிறது.

‘என் ஒரு தொட்டியாலா டெல்லி கெட்டுவிடப்போகிறது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நகரத்தின் மொத்தக் கணக்கில் அது தூசு. ஆனால், அண்டை வீட்டுக் கணக்கில் அப்படியல்ல. அனல்மின் நிலையப் புகைபோக்கி எங்கோ உயரத்தில் கக்குகிறது. தொட்டியோ அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி, மூக்கு உயரத்தில் கக்குகிறது. அந்த அறையில் ஆஸ்துமா உள்ள குழந்தை தூங்கினால், அதற்கு நகரச் சராசரியால் என்ன பயன்?

பெட்டிச் செய்தி: எண்கள் பேசட்டும்

- 1.1 டிகிரி: 2021 ஜனவரி 1 அன்று டெல்லி சஃப்தர்ஜங்கில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை.
- 9.4 டிகிரி: 2019 டிசம்பர் 30 அன்று அங்கே பகலின் அதிகபட்ச வெப்பநிலையே இவ்வளவுதான்.
- 60 மைக்ரோகிராம்: ஒரு கன மீட்டரில் பி.எம்.2.5-க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 15.
- 494: 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு. அளவுகோல் முடிவதே 500-ல்.
- 5,000 ரூபாய்: திறந்தவெளியில் குப்பை, சருகு எரித்தால் அபராதமாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் விதித்த தொகை.

சட்டம் பாத்திரம் பார்ப்பதில்லை

டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் காற்று கெடக் கெடக் கட்டுப்பாடுகளை இறுக்கும் ஏற்பாட்டுக்கு ‘கிராப்’ என்று பெயர். 2017-ல் அறிவிக்கப்பட்டு, இப்போது காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் கையில் இருக்கிறது. குறியீடு 200-ஐத் தாண்டினாலே முதல் நிலை தொடங்கிவிடும். திறந்தவெளியில் விறகும் குப்பையும் எரிப்பதைத் தடுக்கும் வேலை அந்த முதல் நிலையிலேயே வருகிறது. விறகு இரும்புச் சட்டியில் எரிகிறதா, இரட்டைச் சுவர் எஃகில் எரிகிறதா என்று பிரித்துப் பார்க்கும் விதி அல்ல அது. டெல்லியின் குளிர்காலத்தில் குறியீடு 200-க்குக் கீழே இருக்கும் நாட்கள் அரிது. சீசனின் பெரும்பகுதியில் தொட்டி விதிக்குப் புறம்பான பொருள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் யார் மாட்டுகிறார்கள்? மதிலுக்கு உள்ளே எரிவது கேமராவுக்கும் தெரியாது, ரோந்துக்கும் தெரியாது. சாலையோரத்தில் புகைவது எல்லோருக்கும் தெரியும். 2025 டிசம்பரில் முதல்வர் ரேகா குப்தா திறந்தவெளி எரிப்புக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அறிவித்தபோது, அது முதலில் எட்டக்கூடிய இடம் தெருமுனைதான். இரவு முழுக்கக் கம்பிக் கதவருகே நிற்கும் காவலாளிக்கு, அந்த அபராதம் பல நாள் கூலி.

கிராப் விதிகளிலேயே இதற்கு ஒரு மருந்தும் எழுதியிருக்கிறது: காவலர்கள் நெருப்பு மூட்டாமல் இருக்க, குடியிருப்போர் சங்கங்கள் அவர்களுக்கு மின் ஹீட்டர் கொடுக்க வேண்டும். 2025 நவம்பரில் டெல்லி அரசே 10,000 ஹீட்டர்களைச் சங்கங்களுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், ஹீட்டர் வந்தால் மட்டும் போதாது. கேட்டருகே பிளக் பாயின்ட் வேண்டும். 1,000 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் ஓர் இரவுக்கு 70 ரூபாய், மாதம் 2,100 ரூபாய். நூறு வீடுகள் பகிர்ந்தால் வீட்டுக்கு 21 ரூபாய். சங்கக் கூட்டத்தில் இந்த 21 ரூபாய்க்குக் கை தூக்க ஆள் இல்லாத இடத்தில்தான் பேக்கிங் பெட்டிகள் எரிகின்றன.

வேறு ஊர்களும் இதே முடிச்சோடு மல்லுக்கட்டியவைதான். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் காற்று எச்சரிக்கை அறிவித்த நாளில் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் விறகு எரிக்கத் தடை. கொல்லைப்புறத் தொட்டிக்கும் அது பொருந்தும். சென்னையில் 2018 போகி அன்று புகைமூட்டத்தில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் திணறின. ‘புகையில்லா போகி’ பிரசாரம் அங்கே ஒவ்வொரு வருடமும் ஒலிக்கிறது. அதே ஜனவரி நடுவில்தான் டெல்லியில் லோஹ்ரி பண்டிகை நெருப்பும் மூட்டப்படுகிறது.

உள்ளே கொண்டுபோனால் உயிர் போகும்

புகையில்லாத நெருப்பின் மிகப்பெரிய ஆபத்து, அதைப் பார்த்து வரும் துணிச்சல். புகை மூக்கைத் துளைத்தால் யாரும் அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்க மாட்டார்கள். கரி அப்படியல்ல. தாரும் வாயுவும் ஏற்கெனவே போய்விட்டதால், கனன்ற கரி கிட்டத்தட்டப் புகையே விடாது. வட இந்திய வீடுகளின் ‘அங்கீட்டி’ எனும் கரியடுப்பை இதனால்தான் நம்பிக் கட்டிலுக்கு அருகே வைக்கிறார்கள். அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது உட்கார்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், அப்புறம் விழிப்பே இல்லாத தூக்கம்.

2022 ஜனவரியில் பழைய சீமாபுரியில் ஓர் அறை வீட்டில் தாயும் நான்கு குழந்தைகளும் இறந்துகிடந்தார்கள். 2024 ஜனவரி 14 அன்று அலிப்பூர் அருகே கேரா கலானில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். அதே நாளில் இந்தர்புரியில் மேலும் இருவர். மூன்று இடங்களிலும் மூடிய அறையில் அங்கீட்டி. இது டெல்லிக் கதை மட்டுமல்ல. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன திருச்சி இளைஞர்கள் இருவர், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி இறந்துபோனார்கள்.

கடையில் விற்கும் தொட்டிமேல் ‘ஸ்மோக்லெஸ்’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, பாதி அணைந்த தொட்டியை கிளாஸ் பால்கனிக்குள்ளோ, தார்பாய் கட்டிய மொட்டை மாடிப் பந்தலுக்குள்ளோ இழுத்துவைக்கும் கை எங்காவது இருக்கும். தணல் கட்டத்தில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம். தீ அடங்கிய பிறகும் தொட்டி வெட்டவெளியிலேயே இருக்க வேண்டும்.

வாங்குவதென்று முடிவெடுத்தால்...

*சுவர்:* இரட்டைச் சுவரா என்று முதலில் பாருங்கள். மேல்விளிம்பில் துளை மட்டும் போட்டு ஒற்றைத் தகட்டில் விற்பவற்றால் சூடான காற்றை மேலே கொண்டுவர முடியாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துரு தாங்கும். பெயின்ட் அடித்த இரும்பு ஒரு மழைக்காலத்தில் பல்லைக் காட்டும்.

*அளவு:* ‘போர்ட்டபிள்’ என்றால் ஒருவர் தூக்க முடிய வேண்டும். 38 செ.மீ. அகலமுள்ளவை சுமார் 7 கிலோ, 50 செ.மீ. உள்ளவை சுமார் 10 கிலோ. நான்கைந்து பேருக்குச் சின்னதே போதும். பெரிய தொட்டி, பெரிய பசி.

*அடித்தளம்:* டெல்லியில் கொல்லைப்புறம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு மொட்டை மாடிதான். கால் வைத்த ஸ்டாண்ட் இல்லாமல் வைத்தால் டைல்ஸ் வெடிக்கும், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கெடும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கேபிள் இவற்றிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள்.

*சாம்பல் தட்டு:* கழற்றி எடுக்கும்படி இருக்கட்டும். அடிக்காற்று வழி சாம்பலில் அடைபட்டால் புகை திரும்பிவிடும்.

*எதிர்பார்ப்பு:* விற்பவர் சொல்லாத குறை ஒன்று உண்டு. இந்தத் தொட்டியில் சூடு பெரும்பாலும் நேராக மேலே போகிறது. சுவர் உயரமாக இருப்பதால், நாற்காலியில் உட்கார்ந்தவர் முகத்துக்குக் கொஞ்சம் கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே குளிரும். குளிர் காய்வதற்கு இது சுமாரான கருவி. கூடி உட்கார்வதற்கு நல்ல கருவி.

பெட்டிச் செய்தி: எதை எரிக்கலாம், எதை எரிக்கவே கூடாது?

- ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே உள்ள விறகு மட்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் ஈரம். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம்.
- டெல்லி முகட்டுக் காட்டை ஆக்கிரமித்திருக்கும் விலாயத்தி கீகர், நம் ராமநாதபுரத்தில் கரி மூட்டம் போடும் அதே சீமைக்கருவேலம்தான். நன்றாகக் காய்ந்தால் நின்று எரியும்.
- மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் சீராக எரியும். ஆனால், எல்லாத் தொட்டியும் அதை ஏற்காது. தனித் தட்டு வேண்டும்.
- பிளைவுட், எம்.டி.எஃப்., பெயின்ட் அடித்த பலகை, பேக்கிங் பெட்டி கூடாது. பசையும் பெயின்ட்டும் நச்சு வாயுவாகும். எந்தத் தொட்டியும் அதைச் சுத்தப்படுத்தாது.
- சருகு, பிளாஸ்டிக், மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

நெருப்பில்லாமல் குளிர் காய

வெளியில் உட்காரத்தான் வேண்டும் என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. ஹோட்டல் புல்தரைகளில் குடை போல நிற்கும் எல்.பி.ஜி. ஹீட்டர், விறகைவிடப் பல மடங்கு குறைவாகத் துகள் விடும். மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எரிவாயுவை விழுங்குவது அதன் குறை. அகச்சிவப்பு மின் ஹீட்டர் காற்றைச் சூடாக்காமல் நேராக உடம்பைச் சூடாக்கும்.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால், டெல்லிக்குள் இருந்த பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. இன்றைய மின்சாரத்தின் புகை நகரத்துக்கு வெளியே, உயரத்தில், வடிகட்டியோடு போகிறது. தவிர, ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறத்தாழ 4 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மணிக்கு மூன்று கிலோ எரித்தால் 12 யூனிட், பெரும்பகுதி வானத்துக்கு. மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஹீட்டர் தன் சூட்டைக் காலருகே கொடுத்துவிடும்.

எத்தனை இரவுகள் கிடைக்கும்?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், அல்லது மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும் நாள். டெல்லியில் காற்றுத் தரக் குறியீடு 200-க்குக் கீழே இறங்கும் குளிர்கால இரவுகள் பெரும்பாலும் இவைதான். கைப்பேசியில் ‘சமீர்’ செயலியைத் திறந்து அருகிலுள்ள நிலையத்தின் எண்ணைப் பார்க்க அரை நிமிடம் போதும். கிராப் அமலில் இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை.

இப்போது விலையைப் போட்டுப் பாருங்கள். 20,000 ரூபாய்க்குத் தொட்டி வாங்கி, சீசனுக்கு ஐந்து இரவுதான் நேர்மையாகப் பற்றவைக்க முடிகிறது என்றால், முதல் வருடத்தில் ஓர் இரவுக்கு 4,000 ரூபாய். அந்த விலை கட்டுப்படியாகிறவர்கள் வாங்கலாம். கட்டுப்படியாகாமல், ‘வாங்கிவிட்டோமே’ என்று மற்ற இரவுகளிலும் எரிக்கத் தொடங்குபவர்கள் அந்தச் செலவை அண்டை வீட்டு நுரையீரலின் கணக்கில் எழுதுகிறார்கள்.

காரின் டிக்கியில் அடங்கும் என்பது இந்தத் தொட்டியின் பெரிய வசதி. டெல்லியில் வசிப்பவருக்கு அதன் உண்மையான அர்த்தம், இதை டெல்லிக்கு வெளியே கொண்டுபோகலாம் என்பதுதான். அங்கேயும் தங்குமிடத்தாரிடம் கேட்டுவிட்டு, காட்டை விட்டுத் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.